மேசைக் கணினியில் வைஃபை காணாமற்போனால்: கோளாறு எந்தப் படியில் இருக்கிறது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அதையொட்டி, கையிலிருக்கும் மேசைக் கணினியில் விண்டோஸ் 11-ஐயோ லினக்ஸ் வகைகளில் ஒன்றையோ புதிதாக நிறுவுகிறவர்கள் அடிக்கடி ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நேற்றுவரை வேலை செய்த வைஃபையின் சின்னம் திரையில் இல்லை. அமைப்புகளைத் திறந்தால் வைஃபை என்ற வரியே இல்லை. விண்டோஸ் 11-இன் தொடக்க அமைவு இணைய இணைப்பைக் கேட்டுக் காத்திருக்கிறது. அந்த இணைப்புக்குத் தேவையான டிரைவரோ இணையத்தில்தான் கிடைக்கும். புதிதாக எதையும் நிறுவாதவர்களுக்கும் இதே நிலை வருவதுண்டு. ஓர் அப்டேட்டுக்குப் பிறகோ, மின்தடைக்குப் பிறகோ, கணினியை உறக்க நிலையிலிருந்து எழுப்பியபோதோ வைஃபை சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவ வேண்டும் என்பது. சில வேளைகளில் அது பலிக்கும். பல வேளைகளில் ஒரு மாலைப்பொழுது வீணானதுதான் மிச்சம். டிரைவர் என்பது, கணினி ஏற்கெனவே கண்டுகொண்ட ஒரு சாதனத்தோடு இயங்குதளம் பேசுவதற்கான மென்பொருள். கண்டுகொள்ளப்படாத சாதனத்தை எந்த டிரைவராலும் வரவழைக்க முடியாது. ஆகவே, எதையும் நீக்குவதற்கு முன், சாதனம் கண்டறியப்படவே இல்லையா அல்லது கண்டறியப்பட்டும் இயங்கவில்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு உதவும் தகவல்கள் கணினியிலேயே இருக்கின்றன.

முதலில் புகாரைச் சரியாகச் சொல்வது

"வைஃபை வரவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன.

1. வைஃபை சாதனம் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. அதை இயக்கவோ நிறுத்தவோ பொத்தான்கூட இல்லை.

2. பொத்தான் இருக்கிறது, ஆனால் அருகிலுள்ள நெட்வொர்க்குகளின் பட்டியலில் நம்முடையது இல்லை.

3. நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் வரவில்லை.

மூன்றாவது, பெரும்பாலும் ரூட்டரையோ சேவை நிறுவனத்தையோ முகவரி அமைப்பையோ சேர்ந்த சிக்கல். இரண்டாவது, வானொலி அலை சார்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் மலிவான டாங்கிளுக்கு (யுஎஸ்பி முனையில் செருகும் சிறு வைஃபை சாதனம்) 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் ஒருபோதும் தெரியாது. கணினியின் பின்புறம் திருகவேண்டிய ஆன்டெனாக்கள் பெட்டியிலேயே கிடந்தால் அடுத்த அறையிலுள்ள ரூட்டர்கூட மங்கலாகத்தான் தெரியும். ஆன்டெனா இல்லாததால் சாதனமே கண்டறியப்படாமல் போவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைகளில்கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இக்கட்டுரை இனிமேல் பேசப்போவது முதல் நிலையை மட்டுமே.

வைஃபை எந்த வழியாகக் கணினியோடு சேர்கிறது

மடிக்கணினியில் வைஃபை பிறவியிலேயே இருக்கும். மேசைக் கணினியில் அப்படியல்ல. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. ஆகவே ஒரு கணினியை முதன்முறையாகத் திறந்து பார்க்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் வைஃபை சாதனம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான். ஒரே மதர்போர்டு மாடல் வைஃபையுடன் ஒரு பெயரிலும், வைஃபை இல்லாமல் ஏறக்குறைய அதே பெயரிலும் விற்கப்படுவது வழக்கம். பின்பக்கத் தகட்டில் ஆன்டெனாவுக்கான இரண்டு பித்தளைத் திருகுமுனைகள் இருந்தால் உள்ளே வைஃபை இருக்க வாய்ப்பு உண்டு. சில மாடல்களில் துளைகள் மட்டும் இருக்கும், உள்ளே ஸ்லாட் காலியாக இருக்கும்.

இருக்குமானால் அது மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, மதர்போர்டில் கூடுதல் அட்டைகளுக்கென உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் ஸ்லாட்டில் செருகும் அட்டை. இரண்டாவது, எம்.2 எனப்படும் சிறு ஸ்லாட்டில் படுக்கவைத்துத் திருகும் மாட்யூல். 2230 என்று குறிக்கப்படும் அளவில், அதாவது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமுமாக, இது பெரும்பாலும் மதர்போர்டின் பின்பக்க மூடிக்குள் மறைந்திருக்கும். மூன்றாவது, யுஎஸ்பி டாங்கிள். கடையில் அட்டையாக விற்கப்படுவதைப் பிரித்துப் பார்த்தால், பல வேளைகளில் அது ஓர் எம்.2 மாட்யூலைச் சுமந்துகொண்டிருக்கும் பலகை மட்டுமே.

கண்டறிதல் என்பது நான்கு படிகள்

கணினி ஒரு சாதனத்தைக் "கண்டது" என்று நாம் சொல்வது உண்மையில் அடுத்தடுத்து நடக்கும் நான்கு செயல்கள். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது.

1. மின்சாரம். சாதனத்துக்குத் தேவையான மின்னழுத்தம் ஸ்லாட் வழியாகவோ யுஎஸ்பி முனை வழியாகவோ போய்ச் சேர வேண்டும்.

2. விசாரணை. கணினி தொடங்கும்போது, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் நிரலான பயாஸ், ஒவ்வொரு பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பிடமும், "அங்கே யார்?" என்று கேட்கிறது. சாதனம் இருந்தால் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் பதிலாகத் தருகிறது. இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட செயலியின் பெயரைத்தான் இப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள். ஸ்லாட் காலியாக இருந்தாலோ, இருக்கும் சாதனம் பேசாமல் போனாலோ, இரும முறையில் எல்லா இலக்கங்களும் 1 ஆக இருக்கும் எண் திரும்பி வரும். அதற்கு "ஆளில்லை" என்று பொருள். யுஎஸ்பியில் முறை சற்று வேறு. டாங்கிளுக்குள் இருக்கும் ஒரு மின்தடையம் (ரெசிஸ்டர்), தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துவதைக் கொண்டே ஏதோ ஒன்று செருகப்பட்டிருக்கிறது என்று கணினி அறிகிறது. அதன் பிறகுதான் யார் என்று கேட்கிறது.

3. பொருத்தம். கிடைத்த எண்களை இயங்குதளம் தன்னிடமுள்ள டிரைவர்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தும் டிரைவர் இருந்தால் ஏற்றுகிறது. இல்லையென்றால் பெயர் தெரியாத விருந்தாளியாக ஓரத்தில் உட்காரவைக்கிறது.

4. தொடக்கம். வைஃபை சில்லு தனக்கென்று ஒரு சிறு செயலியைக் கொண்டது. அதில் ஓட வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் நிரலைப் பெரும்பாலான சில்லுகளில் டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட வேண்டும். அது ஏறி, சில்லு பதில் சொன்ன பிறகே வைஃபை சின்னம் திரையில் தோன்றுகிறது.

டிரைவரை மறுபடி நிறுவுவது மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் மட்டுமே மருந்து. முதல் இரண்டு படிகளில் நின்றுபோன சாதனத்துக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

டிவைஸ் மேனேஜர் தரும் சாட்சியம்

விண்டோஸில், கணினியிலுள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற தலைப்பையும் பிற சாதனங்கள் என்ற தலைப்பையும் பார்க்க வேண்டும். அங்கே காண்பதைப் பின்வருமாறு படிக்கலாம்.

பிற சாதனங்களின் கீழ் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்ற பெயரில் மஞ்சள் குறியோடு ஒரு வரி இருந்தால், அதை நல்ல செய்தியாகவே கொள்ள வேண்டும். மின்சாரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. விசாரணைக்குப் பதில் வந்திருக்கிறது. டிரைவர் மட்டும்தான் இல்லை. அந்த வரியின் பண்புகளைத் திறந்தால் பிழை எண் 28 என்று இருக்கும்.

எண் 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். வலச்சொடுக்கி மீண்டும் இயக்கினால் போதும். எண் 10 என்றால் டிரைவர் ஏறியும் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. அதாவது நான்காம் படியில் தடை. எண் 43 என்றால் சாதனமே கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. யுஎஸ்பி டாங்கிளில் இந்த 43, "அடையாளம் தெரியாத யுஎஸ்பி சாதனம்" என்ற பெயரோடு சேர்ந்து வந்தால், கம்பியில் மின்னழுத்தம் உயர்ந்தும் "யார்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்று பொருள். அது பெரும்பாலும் முனையின் கோளாறு, அல்லது டாங்கிளின் உயிர் போய்க்கொண்டிருப்பதன் அடையாளம்.

இரண்டு தலைப்புகளிலும் எதுவும் இல்லை என்றால், காட்சி என்ற மெனுவில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டும் தேர்வை இயக்க வேண்டும். அப்போது வைஃபை அடாப்டரின் பெயர் வெளிறிய நிறத்தில் தோன்றி, அதன் பண்புகளில் எண் 45 இருக்குமானால், அந்தச் சாதனம் ஒரு காலத்தில் இதே கணினியில் வேலை செய்தது, இப்போது பதில் தரவில்லை என்பது உறுதியாகிறது. டிரைவர் அப்படியே இருக்கிறது, ஆள்தான் இல்லை. இந்த நிலையில் டிரைவரை நீக்குவது, வராதவரின் நாற்காலியை எடுத்து வீசுவதைப் போன்றது.

அணைத்தும் அணையாத மின்சாரம்

ஒரு காலத்தில் வேலை செய்த சாதனம் திடீரென்று பதில் தராமல் போவதற்கு ஒரு பொதுவான காரணம், அதிகம் கவனிக்கப்படாத ஒன்று. மேசைக் கணினியை அணைத்த பிறகும், சுவர்ச் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, அதன் பவர் சப்ளை 5 வோல்ட் அளவிலான காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குத் தந்துகொண்டே இருக்கிறது. பல மதர்போர்டுகளில் கணினி அணைந்த பிறகும் ஒரு சிறு விளக்கு எரிவதற்கு இதுவே காரணம். விசைப்பலகையால் கணினியை எழுப்புவது, நெட்வொர்க் வழியாக எழுப்புவது போன்ற வசதிகள் இந்த மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. வைஃபை மாட்யூலுக்கும் இதிலிருந்தே ஒரு பங்கு போகக்கூடும்.

இதன் விளைவு என்ன? வைஃபை சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் ஏதோ ஒரு காரணத்தால் உறைந்துபோனால், கணினியை ரீஸ்டார்ட் செய்வதால் அந்தச் சில்லு மின்சாரத்தை இழப்பதில்லை. இரவு அணைத்துக் காலையில் போட்டாலும் இழப்பதில்லை. உறைந்த நிலையிலேயே அது நாள்கணக்கில் இருக்கலாம். பயாஸ் கேட்கும் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் "ஆளில்லை" என்ற பதிலே வரும். உரிமையாளர் விண்டோஸையே புதிதாக நிறுவிப் பார்த்துவிட்டு, அட்டை செத்துவிட்டது என்ற முடிவுக்கு வருவார். கடைக்குக் கொண்டுபோகக் கம்பிகளைக் கழற்றுவார். கடையில் போட்டுப் பார்த்தால் வைஃபை வேலை செய்யும். கம்பியைக் கழற்றியதுதான் மருந்து என்பது இருவருக்கும் தெரியாமலே போகக்கூடும்.

செய்ய வேண்டியது எளிது.

1. விண்டோஸில் கணினியை முழுமையாக அணைக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவை வட்டில் சேமித்துவைத்து, மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. சாதனங்களைப் பற்றிய பழைய நினைவும் அதோடு தொடரக்கூடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் இந்த வசதி அந்த ஒரு முறைக்கு விலகி நிற்கும்.

2. சுவர்ச் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைக் கணினியிலிருந்து பிடுங்க வேண்டும். யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் யுபிஎஸ்ஸை அணைத்தால் மட்டும் போதாது. கம்பியைப் பிடுங்குவதே உறுதியான வழி.

3. கணினியின் பவர் பொத்தானை ஏறத்தாழ 30 வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மின்தேக்கிகளில் மீந்திருக்கும் மின்சாரம் இதனால் வடிகிறது.

4. சில நிமிடங்கள் கழித்துக் கம்பியைச் செருகிக் கணினியைத் தொடங்க வேண்டும்.

இதனால் வைஃபை திரும்பி, சில வாரங்களில் மறுபடியும் மறைந்தால், காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு அமைப்புகளில் இருக்கும். உறக்க நிலைக்கு அனுப்பப்பட்ட அட்டை எழுந்துகொள்ளத் தவறுகிறது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பண்புகளுக்குள் சென்று, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியை நீக்கலாம். பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புக்கான மின்சேமிப்பை நிறுத்தலாம். பயாஸில் ஈஆர்பி என்ற பெயரில் ஓர் அமைப்பு இருந்தால், அதை இயக்குவது காத்திருப்பு மின்சாரத்தைப் பெருமளவு துண்டித்துவிடும். ஐரோப்பிய மின்சிக்கன விதிகளுக்காக வந்த அமைப்பு இங்கே எதிர்பாராத வகையில் கைகொடுக்கிறது. விசைப்பலகையாலோ நெட்வொர்க் வழியாகவோ கணினியை எழுப்பும் வசதிகள் அதனால் போய்விடக்கூடும் என்பதே இழப்பு.

ஓர் அட்டை, இரண்டு பாதைகள்

இன்றைய வைஃபை மாட்யூல்களில் பெரும்பாலானவை புளூடூத்தையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் ஒரே மாட்யூலுக்குள் இருந்தாலும் இந்த இரண்டும் கணினியோடு பேசும் பாதை வேறு. வழக்கமான வகையில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் பேசுகின்றன. எம்.2 ஸ்லாட்டில் இரண்டு பாதைகளும் இருப்பதால் அங்கே இது வெளியே தெரிவதில்லை. பெரிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் யுஎஸ்பி பாதை கிடையாது. அதனால்தான் அட்டையோடு ஒரு சிறு கம்பியும் கொடுக்கிறார்கள். அதை மதர்போர்டில் உள்ள யுஎஸ்பி 2.0 ஊசிமுனையில் செருக வேண்டும். அந்தக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, புளூடூத் பழுது என்று அட்டையைத் திருப்பித் தருகிறவர்கள் உண்டு.

இந்த இரட்டைப் பாதை, பழுது தேடுகிறவருக்கு ஒரு கருவியும் ஆகிறது. வைஃபை இருந்து புளூடூத் இல்லையென்றால், கம்பியையும் அது செருகப்பட்ட முனையையும் பார்க்க வேண்டும். புளூடூத் இருந்து வைஃபை இல்லையென்றால், மாட்யூலுக்கு மின்சாரம் போகிறது என்பது தெரிந்துவிட்டது. ஸ்லாட்டின் தொடர்போ, பயாஸ் அமைப்போ, வைஃபை டிரைவரோ மட்டுமே சந்தேகத்துக்கு உரியவை. இரண்டும் ஒருசேரக் காணாமற்போயிருந்தால், மாட்யூல் சரியாக அமரவில்லை, அல்லது பயாஸில் முடக்கப்பட்டிருக்கிறது, அல்லது முன்சொன்னபடி உறைந்துகிடக்கிறது. திருகாணியைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவையும் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கடைசி இலக்கத்தில் மறைந்திருக்கும் பொருத்தமின்மை

புதிதாக வாங்கிப் பொருத்திய மாட்யூல் ஒருமுறைகூடக் கண்டறியப்படவில்லை என்றால், அது அந்த மதர்போர்டோடு பேசக்கூடியதுதானா என்பதைப் பார்க்க வேண்டும். இன்டெல் தன் வைஃபை மாட்யூல்களை இரு வகையாகத் தயாரிக்கிறது. 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசும் முழுமையான சாதனங்கள். இன்டெல் மதர்போர்டு, ஏஎம்டி மதர்போர்டு இரண்டிலும் இயங்கக்கூடியவை. 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை சிஎன்விஐ என்ற முறையைச் சேர்ந்தவை. இந்த முறையில் வைஃபையின் கணிப்புப் பகுதி, மதர்போர்டிலுள்ள இன்டெல்லின் துணைச் சில்லான சிப்செட்டுக்குள்ளோ செயலிக்குள்ளோ இருக்கிறது. மாட்யூலில் இருப்பது வானொலிப் பகுதி மட்டுமே. ஏஎம்டி மதர்போர்டில் அந்த எஞ்சிய பாதி இல்லை. பழைய இன்டெல் மதர்போர்டுகளிலும் இல்லை. இன்டெல்லின் வெவ்வேறு தலைமுறைகளுக்கு இடையேயும் சிஎன்விஐயின் பதிப்புகள் வேறுபடுகின்றன.

ஸ்லாட்டின் வெட்டும் திருகும் சரியாகப் பொருந்துவதால், தவறான வகையைச் செருகியவருக்குச் சந்தேகம் வருவதே இல்லை. புகையில்லை, ஓசையில்லை, பிழைச் செய்தியும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ஒரு வரிகூட வராது, அவ்வளவுதான். ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 என்ற பெயர்களுக்கு இடையே ஓர் இலக்கம்தான் வேறுபாடு. புதியதாக இருக்கும் என்று எண்ணிப் பெரிய எண்ணை வாங்குவது இயல்பான தவறு. இரண்டு முற்றிலும் வெவ்வேறு சாதனங்களுக்கு இப்படி அடுத்தடுத்த எண்களைச் சூட்டியதில் வாங்குகிறவர் மீது அக்கறை எதுவும் தெரியவில்லை.

எம்.2 ஸ்லாட்டின் வகையையும் கவனிக்க வேண்டும். வைஃபைக்கான ஸ்லாட் இ-கீ எனப்படும்; எஸ்எஸ்டிக்கான ஸ்லாட் எம்-கீ. வெட்டு வேறு என்பதால் இடைப்பலகை இல்லாமல் ஒன்றை மற்றொன்றில் செருக முடியாது. செருக முடியாதபோது வலிந்து அழுத்தக் கூடாது.

ஸ்லாட்டும் பயாஸும்

பிசிஐ எக்ஸ்பிரஸில் சிறிய அட்டையைப் பெரிய ஸ்லாட்டில் செருகலாம். அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் எல்லா ஸ்லாட்டுகளும் எல்லா நேரமும் உயிரோடு இருப்பதில்லை. சிப்செட்டிலிருந்து வரும் பாதைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி பொருத்தினால் கீழேயுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகவே அணைந்துவிடும்படி பல மதர்போர்டுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. புதிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்ட நாளிலிருந்து வைஃபை இல்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது மதர்போர்டின் கையேடு. எந்த ஸ்லாட் எதனோடு பாதையைப் பகிர்கிறது என்ற அட்டவணை அதில் இருக்கும்.

பயாஸில், மதர்போர்டோடு வரும் சாதனங்களுக்கான பகுதியில், வைஃபையையும் புளூடூத்தையும் இயக்கவும் முடக்கவும் தனித்தனித் தேர்வுகள் இருக்கும். பயாஸைப் புதுப்பித்த பிறகோ, மதர்போர்டில் உள்ள வட்டவடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்த பிறகோ அமைப்புகள் மாறிப்போகலாம். கணினியின் கடிகாரமும் தவறான தேதியைக் காட்டினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அட்டையைக் கழற்றிச் செருகுவதானால் மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே செய்ய வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். பொன்முலாம் பூசிய தொடுமுனைகளை அழிப்பான் கொண்டு தேய்ப்பது நம் பழுதுநீக்கும் கடைகளின் பழைய வழக்கம். மென்மையாகச் செய்தால் பலன் உண்டு. ஆனால் அழிப்பானின் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இருந்த கோளாறு இரண்டாகும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியே பாதுகாப்பானது.

டாங்கிள்களின் தனிச் சிக்கல்கள்

யுஎஸ்பி டாங்கிளை முன்பக்க முனையிலிருந்து எடுத்துப் பின்பக்க முனையில் செருகிப் பார்ப்பது முதல் சோதனை. பின்பக்க முனைகள் நேரடியாக மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத்துக்கு மின்சாரம் நீண்ட கம்பி வழியாகச் சென்று இளைத்துவிடுகிறது. யுஎஸ்பி 2.0 முனை தரக்கூடிய அளவு 500 மில்லிஆம்பியர், 3.0 முனை தருவது 900. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் விசைப்பலகை, மவுஸ், பென் டிரைவ் ஆகியவற்றோடு டாங்கிளும் சேர்ந்தால் பங்கு குறையும்.

வேறொரு விசித்திரமும் உண்டு. டாங்கிளைச் செருகியதும் வைஃபைக்குப் பதில் ஒரு சிடி டிரைவ் தோன்றும். அது பழுதல்ல. டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே வைத்துத் தரும் தயாரிப்பாளர்கள், முதலில் அதை ஒரு வட்டாகக் காட்டுகிறார்கள். உள்ளேயிருக்கும் டிரைவரை நிறுவியதும் டாங்கிள் வேடம் கலைந்து வைஃபை சாதனமாக மாறுகிறது. லினக்ஸில் இந்த மாற்றத்தை யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் செய்து தரும்.

நெட்வொர்க் பட்டியல் அடிக்கடி மங்கி மறைவதாகத் தோன்றினால், டாங்கிளுக்கு அருகிலுள்ள யுஎஸ்பி 3.0 வட்டைத் தள்ளிவைத்துப் பார்க்கலாம். யுஎஸ்பி 3.0-வின் தரவோட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகிறது என்பதை இன்டெல் 2012-இலேயே ஓர் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது.

குற்றம் வன்பொருளிலா, இயங்குதளத்திலா

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், தீர்த்துவைக்க ஒரு சோதனை உண்டு. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் வகையைப் பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். வட்டில் இருக்கும் எதுவும் மாறாது. அதற்கு முன் கணினியை முழுமையாக அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிச் செருகுவது முக்கியம். விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையில் அட்டை சிக்கியிருந்தால் சோதனை பொய்யாகிவிடும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளை பிசிஐ சாதனங்களையும், எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளை யுஎஸ்பி சாதனங்களையும் பட்டியலிடும். இந்தப் பட்டியல்களில் ஒரு சாதனம் இடம்பெற டிரைவர் தேவையில்லை; விசாரணைக்குப் பதில் சொல்லியிருந்தால் போதும். ஆகவே, வைஃபை சாதனம் இங்கே தெரிந்தால் வன்பொருள் உயிரோடு இருக்கிறது, விண்டோஸைத்தான் கவனிக்க வேண்டும். இங்கேயும் தெரியவில்லை என்றால் விண்டோஸில் செலவிடும் நேரம் வீண்.

லினக்ஸையே நிரந்தரமாக நிறுவியவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். பட்டியலில் சாதனம் இருந்தும் வைஃபை இல்லையென்றால், இயங்குதளத்தின் உட்கருவான கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசெக் (dmesg) கட்டளையில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேட வேண்டும். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி அங்கே இருக்கக்கூடும். கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளை டெபியன் என்னும் லினக்ஸ் வகை நெடுங்காலம் தன் நிறுவலில் சேர்க்காமலே இருந்தது. 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் அவை அதிகாரபூர்வ நிறுவலிலேயே இடம்பெறுகின்றன. ஆர்எஃப்கில் (rfkill) என்ற கட்டளை, வைஃபை மென்பொருளால் தடுக்கப்பட்டிருக்கிறதா, வன்பொருள் சுவிட்சால் தடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்லும்.

டிரைவர் மட்டுமே குறை என்றானபின்

இப்போதுதான் டிரைவருக்கு வேலை வருகிறது. டிவைஸ் மேனேஜரில் பெயரில்லாத அந்த வரியின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால், தயாரிப்பாளர் எண்ணும் மாடல் எண்ணும் தெரியும். 8086, 2723 என்ற இணை இருந்தால் அது இன்டெல் ஏஎக்ஸ்200. 8086, 2725 என்றால் ஏஎக்ஸ்210. ரியல்டெக்கின் பிசிஐ எண் 10ஈசி, மீடியாடெக்கினுடையது 14சி3. பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்களையே நம்ப வேண்டும். டாங்கிள்களில் ஒரே மாடல் பெயரில், பதிப்புக்குப் பதிப்பு வேறு வேறு நிறுவனங்களின் சில்லுகளை வைத்து விற்பது சாதாரணம். ஒரு பதிப்புக்கான டிரைவர் மற்றொன்றுக்கு ஆகாது.

டிரைவரை மதர்போர்டு அல்லது கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ, சில்லுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகில் இந்த எண்களையே கொடுத்தும் தேடலாம். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நெருங்காமல் இருப்பது நல்லது.

இணையமே இல்லாத கணினிக்கு டிரைவரை எப்படிக் கொண்டுவருவது? ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங் என்ற தேர்வை இயக்கினால், கணினி அதை ஒரு கம்பிவழி நெட்வொர்க்காகக் கண்டுகொள்ளும். விண்டோஸிலேயே அதற்கான டிரைவர் இருக்கிறது. கைபேசி வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. ரூட்டரிலிருந்து லேன் கம்பி இழுப்பது இன்னொரு வழி. ஆனால் புதிய மதர்போர்டுகளில் லேன் சில்லுக்கான டிரைவரும் இல்லாமற்போவதுண்டு. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவப்போகிறவர் வைஃபை, லேன் இரண்டின் டிரைவர்களையும் முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்வது இந்தச் சுற்றலை மிச்சப்படுத்தும்.

எண் 10 வந்தால், அப்டேட் மாற்றிய டிரைவரிலிருந்து முந்தைய பதிப்புக்குத் திரும்பும் தேர்வை டிவைஸ் மேனேஜரிலேயே முயலலாம். டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாக இருந்தும் வைஃபை பொத்தான் மட்டும் இல்லையென்றால், சர்வீசஸ் பட்டியலில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்ற சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்றிருந்தால் நலமான சாதனமும் ஊமையாகிவிடும்.

மாற்றுவது என்று முடிவானால்

மின்சாரத்தை வடித்தும், பயாஸைச் சரிபார்த்தும், வேறு ஸ்லாட்டில் செருகியும், லினக்ஸ் பட்டியலிலும் தெரியாத அட்டையை, முடிந்தால் வேறொரு கணினியில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட வேண்டும். அங்கேயும் பதில் இல்லையென்றால் அட்டை போய்விட்டது. வைஃபை மாட்யூலைப் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது. அங்கே வேலை செய்தால் மதர்போர்டின் ஸ்லாட்டில்தான் கோளாறு; அப்போது புதிய அட்டைக்குப் பணம் போடாமல், ஒரு யுஎஸ்பி டாங்கிளோடு நிறுத்திக்கொள்ளலாம். மதர்போர்டு உத்தரவாதக் காலத்தில் இருந்தால், லினக்ஸ் சோதனையின் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது சேவை மையத்தில் "டிரைவரை மாற்றிப் பாருங்கள்" என்ற முதல் பதிலைக் கடக்க உதவும்.

புதிதாக வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மாட்யூல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையா சிஎன்விஐ வகையா, அட்டையானால் மதர்போர்டில் புளூடூத் கம்பிக்கு யுஎஸ்பி 2.0 ஊசிமுனை ஒன்று காலியாக இருக்கிறதா, இருக்கும் முனைகளைப் பெட்டியின் முன்பக்க முனைகளே எடுத்துக்கொண்டுவிட்டனவா. கிராஃபிக்ஸ் கார்டு மறைக்காத ஸ்லாட் ஒன்று இருக்கிறதா. டாங்கிளானால் எந்தப் பதிப்பு, அதில் எந்தச் சில்லு. கடைக்காரரிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி அந்தப் பதிப்பு எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். டாங்கிளின் அடிப்பக்க ஒட்டுத்தாளில், மாடல் பெயருக்கு அருகே, அது பெரும்பாலும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.